தீர்த்தா மூவர்: பிறப்பும் பயிற்சியும்

தீர்த்தா என்பது பியானோ கலைஞர் விஜய் ஐயர், கிதார் கலைஞர் பிரசன்னா, தபேலா கலைஞர் நிதின் மிட்டா ஆகிய மூவர் இணைந்த ஜாஸ் குழு. இந்திய விடுதலையின் 60ஆம் ஆண்டையொட்டி 2007இல் நடந்த ஒரு கச்சேரிக்காக ஐயர் இக்குழுவைச் சேர்த்தார். ஒரு மாலைப்பொழுதுக்காகக் கூடியவர்கள் கலையாமல் தொடர்ந்தார்கள். ஜெர்மனியின் ‘ஆக்ட்’ நிறுவனம் 2011இல் குழுவின் பெயரிலேயே ஒன்பது உருப்படிகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது.

இக்குழுவைப் பற்றி எழுத வருபவர்களுக்கு ஒரு வசதியான வாய்பாடு காத்திருக்கிறது. மூவரும் இந்திய வம்சாவளியினர், வாசிப்பது ஜாஸ், ஆகவே இது இந்திய இசையும் ஜாஸும் கலந்த ‘ஃப்யூஷன்’. மேலைநாட்டு விமர்சகர் இப்படிச் சொன்னால் அவருக்குக் காது பழகவில்லை என்று விட்டுவிடலாம். நம்மவர்களும் இதையே வேறு குரலில் சொல்கிறோம். ‘ஐயர்’ என்ற பெயரைப் பார்த்ததும், அவர் விரலில் தஞ்சாவூர் இருக்கிறது, அதனால்தான் அந்தக் கணக்கு வருகிறது என்று முடிவுகட்டி விடுகிறோம். இசைத்தட்டைக் கேட்பதற்கு முன்பே விமர்சனம் முடிந்துவிடுகிறது.

இசைக்கலைஞருக்குப் பின்புலம் என்பது அவர் எந்தக் குடும்பத்தில் பிறந்தார் என்பது அல்ல. யாரிடம் உட்கார்ந்து கற்றார், எந்தக் கருவியில் எத்தனை ஆண்டு விரல் தேய்த்தார், எவரோடு மேடை ஏறினார் என்பவையே பின்புலம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தீர்த்தாவின் மூவருக்கும் பொதுவான மரபு என்று ஒன்று இல்லவே இல்லை. இத்தொகுப்பில் கேட்கத் தகுந்தவை எல்லாம் அந்த இல்லாமையிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

விஜய் ஐயர்

விஜய் ஐயர் 1971இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகரில் பிறந்தவர். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்கள். அதே மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரத்தை ஒட்டிய புறநகர்ப் பகுதியில் வளர்ந்தார். மூன்று வயதில் அவர் கையில் கொடுக்கப்பட்ட கருவி வயலின். ஜப்பானியரான சுசுகி வகுத்த, குழந்தைகள் செவிவழியாகவே மேலைச் செவ்வியல் இசையைப் பழகும் முறையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் வயலின் கற்றார். பியானோவுக்கு அப்படிப்பட்ட பாடம் எதுவும் இல்லை. வீட்டிலிருந்த பியானோவில் தானாகவே தட்டித் தட்டிக் கண்டுபிடித்துக்கொண்டது அது.

யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். முனைவர் பட்டத்துக்காக பெர்க்லி வளாகத்தில் இயற்பியலில் சேர்ந்தவர், பாதியில் திசைமாறினார். 1998இல் அவர் முடித்த ஆய்வேடு மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க இசைகளில் உடலுக்கும் தாள உணர்வுக்கும் உள்ள உறவைப் பற்றியது. இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பெற்றோரின் மகன், தாளத்தை ஆராய உட்கார்ந்தபோது எடுத்துக்கொண்டது கர்னாடக இசையை அல்ல.

பெர்க்லியில் இருந்த ஆண்டுகளில் பக்கத்து நகரமான ஓக்லண்டில் மூத்த கறுப்பின டிரம்ஸ் கலைஞர்களோடு வாசித்துப் பழகினார். 1990களின் நடுவில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன், டிராம்போன் கலைஞரும் அறிஞருமான ஜார்ஜ் லூயிஸ் ஆகியோரின் குழுக்களில் இடம் கிடைத்தது. முதல் இசைத்தட்டு 1995இல் வந்தது. தெலோனியஸ் மங்க், ஆண்ட்ரூ ஹில் என்ற இரு பியானோ கலைஞர்களின் தடம் அவர் வாசிப்பில் இன்றும் தெளிவாகக் கேட்கும்: முரண்பட்டு நிற்கும் சுரக்கட்டுகள், எதிர்பாராத இடத்தில் விழும் அழுத்தங்கள், நிரப்பாமல் விடும் மௌனங்கள். கர்னாடகத் தாளக் கணக்குகளை அவர் அறிவார். அவற்றைத் தேடிப் படித்து, தன் வாசிப்புக்குள் கொண்டுவந்தும் இருக்கிறார். ஆனால் அது வளர்ந்த பிறகு தேடிப் போய்ச் சேர்த்துக்கொண்ட அறிவு. வீட்டுக் கூடத்தில் ஊறிய ஒன்றாக அதை எழுதுவது, அவருக்குக் கற்றுக்கொடுத்த கறுப்பின ஆசான்களை அழித்துவிட்டு எழுதுவதாகும். 2013இல் மெக்கார்தர் நல்கையும், 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியும் கிடைத்தபோது ‘தமிழருக்குப் பெருமை’ என்று மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் ஸ்டீவ் கோல்மனின் ஒரு உருப்படியையாவது கேட்டிருப்பார்கள்?

எட்டயபுரத்து வயலின்

ஐயரின் முதல் கருவி வயலின் என்பதால் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அது முத்துக்குளித்துறையின் உள்நாட்டுப் பக்கம், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலேயே நடந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858), குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்த காலத்தில், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு அண்ணன் வடமொழியில் சாகித்தியம் எழுதிக்கொண்டிருக்க, தம்பி அந்தக் கருவியையே எடுத்துக்கொண்டார். பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்துவான் ஆனார். முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் எட்டயபுரத்தில்தான். பாலுசாமியின் பேரனும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சேற்றியதும் அதே ஊரில்தான்.

நின்றுகொண்டு வாசித்த கருவி தரையில் உட்கார்ந்தது. தலைப்பகுதி காலில் ஊன்றப்பட்டது. இடக்கை விடுபட்டு, கமகத்துக்குத் தகுந்தபடி மேலும் கீழும் வழுக்கத் தொடங்கியது. தந்திகளின் சுருதி மாற்றப்பட்டது. 200 ஆண்டுகளில் அது எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோகும் அளவுக்கு நம்முடையதாகிவிட்டது. அந்த வயலின் இங்கே உட்கார்ந்த பிறகு, தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன் அமெரிக்காவில் அதை மறுபடி எழுந்து நின்று கற்றுக்கொண்டான்.

பியானோவுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. காரணம் எளிது. வயலினில் இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட இடம் முழுவதும் விரலுக்குத் திறந்திருக்கிறது. பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் எதுவும் இல்லை; கமகம் வராது. இதே குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. ஆக, ஐயர் தேர்ந்துகொண்ட கருவி ராகத்தைப் பாட இயலாத கருவி. அதில் இந்திய இசையை வாசிக்க முயல்வதே பொய்யாகிவிடும். அவர் அந்த முயற்சியில் இறங்கவில்லை என்பது தீர்த்தாவின் முதல் நேர்மை.

(தூத்துக்குடியைப் பற்றிப் பேசும்போது, 1927இல் அங்கே பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே. பி. சந்திரபாபுவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஐரோப்பிய மலைநாட்டாரின் குரல் உடைக்கும் ‘யோடலிங்’ பாணியைத் தமிழ்ப் பாட்டுக்குள் அத்தனை இயல்பாகக் கொண்டுவந்த அவரை நாம் இன்னும் நகைச்சுவை நடிகர் என்ற பெட்டியில்தான் வைத்திருக்கிறோம். இசைக்காரராக அவரைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. அது தனிக் கட்டுரை.)

பிரசன்னா

ராணிப்பேட்டையில் 1970இல் பிறந்த பிரசன்னாவின் பாதை இதற்கு நேர் எதிரானது. அவர் எடுத்துக்கொண்டது மின்கிதார். அதில் வாசிக்க விரும்பியது கீர்த்தனைகளை. திருவாரூர் பாலசுப்பிரமணியம், வயலின் மேதை அ. கன்யாகுமரி ஆகியோரிடம் கர்னாடக இசை கற்றார். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தார். படித்த படிப்புக்கு உண்மையாக இருந்திருந்தால் ஏதேனும் ஒரு துறைமுகத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்றிருப்பார். அவரோ பாஸ்டன் நகரின் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனார். ஐயர் படித்த கலிபோர்னியப் பெர்க்லியையும் இந்தப் பெர்க்லீயையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னது பொதுப் பல்கலைக்கழகம், பின்னது ஜாஸைப் பாடத்திட்டமாக்கிய கல்லூரி.

கிதாரின் கழுத்தில் உலோகப் படிகள் குறுக்கே நிற்கின்றன. கமகத்துக்கு அவை தடை. பிரசன்னா இரண்டு வழிகளில் அதைக் கடக்கிறார்: தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றுவது ஒன்று, விரலை அழுத்தியபடி வழுக்கிக்கொண்டு போவது மற்றொன்று. முன்னது ராக், ப்ளூஸ் கிதார்காரர்களின் அன்றாட வித்தை. 2006இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்ற தொகுப்பை அவர் வெளியிட்டதை வெறும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹென்ட்ரிக்ஸ் தந்தியை இழுத்த இழுப்பும், வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுக்கும் இழுப்பும் ஒரே உடல் அசைவுதான் என்பதைக் கையால் அறிந்தவர் அவர். மாண்டலின் சீனிவாசும் சாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத்தும் திறந்துவைத்த பாதையில் வந்தவர். ஆனால் அவர்களைப் போலக் கருவியை முழுக்க நம் பக்கம் இழுத்துக்கொள்ளாமல், அதன் பழைய ஊரோடும் உறவு வைத்துக்கொண்டவர். 2010இல் சென்னைக்குத் தெற்கே சுவர்ணபூமி இசைக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

மூவரில் கர்னாடக இசைக்காரர் என்று சொல்லத் தகுந்தவர் இவர் ஒருவரே.

நிதின் மிட்டா

நிதின் மிட்டா ஹைதராபாத்தைச் சேர்ந்தவர். பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். தபேலா மேதை அரவிந்த் முல்காங்கரின் மாணவர். அது ஃபரூக்காபாத் கரானாவைச் சேர்ந்த குருபரம்பரை. ‘இந்தியத் தாளம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுபவர்கள் தவறவிடும் இடம் இதுதான். தபேலாவும் மிருதங்கமும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

இந்துஸ்தானி இசையில் ஒவ்வொரு தாளத்துக்கும் ‘டேக்கா’ என்ற நிலையான சொற்கட்டு உண்டு. தீன்தாலின் 16 மாத்திரைகளைத் தபேலாவே சொல்லிக்கொண்டு போகும்; பாடகர் அதைக் கேட்டுத் தன் இடத்தைத் தெரிந்துகொள்வார். கர்னாடகக் கச்சேரியில் தாளம் கையில் இருக்கிறது. பாடகரும் சபையும் போட்டுக்கொள்கிறார்கள். எனவே மிருதங்கத்துக்கு டேக்கா சொல்ல வேண்டிய கடமை இல்லை. அது பாட்டின் வளைவுகளைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கலாம். பிரசன்னா பழகியது அந்த வகைத் துணையோடு. தீர்த்தாவில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோ சுழற்சியைக் காப்பாற்றும் பயிற்சி பெற்றவர். ஜாஸில் இதே கடமையை டிரம்ஸ்காரரின் தட்டும் பாஸின் நடையும் சேர்ந்து செய்கின்றன. ஆகவே வட இந்தியத் தபேலா, தென்னிந்திய இசையைவிட ஜாஸ் மூவர் குழுவோடு எளிதாக ஒட்டுகிறது என்ற விநோதம் இங்கே நேர்கிறது.

தொகுப்பில் நடப்பது

ஜாஸ் மூவர் குழு என்றால் வழக்கமாகப் பியானோ, பாஸ், டிரம்ஸ். தீர்த்தாவில் பாஸ் இல்லை. அடித்தளம் இல்லாத வீடு போல இது தள்ளாட வேண்டும். ஐயர் தன் இடக்கையால் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறார். ஒரு சிறு சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தரையைப் போடுகிறார். தபேலாவின் இடப்பக்க முகமான ‘பாயான்’ கீழ்ச்சுருதியில் வளைந்து, பாஸ் இருந்திருந்தால் வரக்கூடிய ஒலியில் பாதியைத் தருகிறது. அந்தத் தரைமேல் பிரசன்னாவின் கிதார், பியானோவால் இயலாததைச் செய்கிறது: சுரங்களுக்கு நடுவே உலவுகிறது. ‘டூயாலிட்டி’ என்று தொடங்கும் தொகுப்பில் மூன்றாவதாக வரும் தலைப்பு உருப்படியைக் கேட்பவர்கள் இந்தப் பங்கீட்டைக் கவனிக்கலாம். நிலைத்து நிற்கும் சுரங்களை வாசிப்பவர் ஒருவர், அசையும் சுரங்களை வாசிப்பவர் ஒருவர். யாரும் மற்றவர் வேலையைப் பாவனை செய்வதில்லை.

இதற்கு முன் வந்த பெரிய முயற்சிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். 1970களில் ஜான் மெக்லாலின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோர் சேர்ந்த ‘சக்தி’ குழுவில், ஆங்கிலேயர் ஒருவர் நம் இசையின் வேகத்துக்கும் கணக்குக்கும் ஈடுகொடுத்ததுதான் அதிசயம். தனி ஆவர்த்தனத்தின் சிலிர்ப்பு அங்கே உண்டு. தீர்த்தாவில் அந்தச் சிலிர்ப்பு குறைவு. மோராவும் தீர்மானமும் வைத்துக் கைதட்டல் வாங்கும் இடங்கள் அரிது. போட்டியில்லாத இந்த அடக்கத்தை நான் நிறையாகவே பார்க்கிறேன். சபையில் உட்கார்ந்து பழகிய காதுக்கு இது சப்பென்று இருக்கலாம்.

குறைகளும் உண்டு. முதலாவது, மிட்டாவுக்குக் கிடைத்த இடம் போதாது. பல இடங்களில் தபேலா சுழற்சியைத் தாங்கும் பணியாளாகவே நின்றுவிடுகிறது. ஐயரும் பிரசன்னாவும் பேச, அவர் ‘உம்’ கொட்டுகிறார். காயிதா ஒன்றை எடுத்து விரித்துக் காட்டும் கலையில் தேர்ந்தவரை இப்படிப் பயன்படுத்துவது வீண். இரண்டாவது, தலைப்புகள். ‘டிரைபல் விஸ்டம்’, ‘பாலிதீயிஸம்’: பழங்குடி ஞானம், பல தெய்வ வழிபாடு. கேலியாகவே வைத்திருந்தாலும், இசை எந்தக் கீழைநாட்டு மாயத்தைத் தவிர்க்கிறதோ அதையே அட்டை விற்கப் பார்க்கிறது.

குழுவின் பெயர் மட்டும் பொருத்தம். வடமொழியில் தீர்த்தம் என்பது ஆற்றை இறங்கிக் கடக்கும் துறை. நமக்கோ அது நீராடும் புனித நீர். திருச்செந்தூரில் கடலில் முழுகிவிட்டு, கரையை ஒட்டியே இருக்கும் நாழிக்கிணற்றின் உப்பில்லாத நீரில் மறுபடி குளிப்பார்கள். இரண்டு நீருக்கும் நடுவே சில எட்டுதான். கலந்துவிடவில்லை என்பதால்தான் இரண்டு முறை குளிக்கிறோம்.

இன்னொரு மூவர்

ஐயருக்கு இதே ஆண்டுகளில் இன்னொரு மூவர் குழு இருந்தது. மெம்ஃபிஸ் நகரத்தவரான ஸ்டீபன் கிரம்ப் பாஸ். நியூயார்க்கின் மார்கஸ் கில்மோர் டிரம்ஸ். வழக்கமான அமைப்பு. ‘ஹிஸ்டாரிசிட்டி’ (2009), ‘ஆக்சிலராண்டோ’ (2012), ‘பிரேக் ஸ்டஃப்’ (2015) ஆகிய மூன்றும் இக்குழுவின் முக்கியமான தொகுப்புகள். இதில் ஐயரைத் தவிர இந்திய வம்சாவளியினர் எவரும் இல்லை. நம் வாய்பாட்டின்படி பார்த்தால், நமக்கு இதில் கேட்க எதுவும் இருக்கக் கூடாது.

ஆனால் ‘ஹிஸ்டாரிசிட்டி’யில் ‘மிஸ்டிக் ப்ரூ’ என்ற பழைய உருப்படியை எடுத்துக்கொண்டு, பிபனாச்சி எண்வரிசையில் அடுத்தடுத்து வரும் எண்களின் விகிதங்களைத் தாளத்தில் வைத்துப் பார்க்கிறார் ஐயர். ஐந்தும் மூன்றும் சேர்ந்து எட்டு, எட்டும் ஐந்தும் சேர்ந்து பதின்மூன்று என்று வளரும் வரிசை அது. குறில், நெடில் போன்ற லகு, குரு அசைகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணிய ஹேமசந்திரர் 12ஆம் நூற்றாண்டிலேயே இவ்வரிசையைக் குறித்திருக்கிறார். ஆதி தாளத்தின் எட்டை ஐந்தும் மூன்றுமாக உடைத்துப் பழகிய எவருக்கும் இந்த வாசிப்பில் கால் தானாக அசையும். அதே தொகுப்பில் ‘கலாங்’ என்ற பாட்டையும் மூவர் வாசிக்கிறார்கள். அதைப் பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம், இலங்கைத் தமிழர், லண்டன்காரர். அமெரிக்கத் தமிழர் ஒருவரும் ஈழத்துத் தமிழர் ஒருவரும் ஒரு இசைத்தட்டில் சந்திக்கிறார்கள். சந்திக்கும் இடம் ராகமோ தமிழோ அல்ல, நகரத்து நடன அரங்கின் அடி.

என் காதுக்குத் தீர்த்தாவைவிட இந்த மூவரின் தாளமே ஆழமானது. அதற்குப் பெரும் காரணம் கில்மோர். 1986இல் பிறந்த இவர், சார்லி பார்க்கர் முதல் ஜான் கோல்ட்ரேன் வரை ஜாஸின் மேதைகள் பலருக்கு டிரம்ஸ் வாசித்த ராய் ஹேன்ஸின் பேரன். பிறப்பைக் கொண்டு ஒருவரை விளக்கலாம் என்றால் இவரைத்தான் முதலில் விளக்க வேண்டும். ஆனால் அந்தப் பேரன் 2018இல், ரோலெக்ஸ் நிறுவனத்தின் குரு–சீடர் திட்டத்தின் கீழ், ஜாகிர் உசேனிடம் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவர் உலகறிந்த கலைஞர்; புதிதாகக் கற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தாத்தா 2024 நவம்பரிலும் ஆசான் அதே ஆண்டு டிசம்பரிலும் மறைந்தார்கள்.

ஐயரின் பிந்தைய மூவரில் பாஸ் வாசிப்பவர் லிண்டா மே ஹான் ஓ. மலேசியச் சீனக் குடும்பத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்ந்தவர். டிரம்ஸ் வாசிப்பவர் நியூவார்க் நகரத்தவரான டைஷான் சோரி. 2024இல் இசையமைப்புக்கான புலிட்சர் பரிசு பெற்றவர். ‘அன்ஈஸி’ (2021), ‘கம்பேஷன்’ (2024) ஆகிய தொகுப்புகள் இக்குழுவினுடையவை.

புதிதாகக் கேட்கத் தொடங்கும் மாணவர்கள் ‘தீர்த்தா’ தொகுப்பின் தலைப்பு உருப்படியை முதலில் கேட்கலாம். முதல் முறை பியானோவின் இடக்கையை மட்டும், இரண்டாம் முறை தபேலாவின் பாயானை மட்டும் பின்தொடர்ந்து போனால் கிதார் எங்கே உலவுகிறது என்பது மூன்றாம் முறை தானாகவே புரியும். அதன் பிறகு ‘ஹிஸ்டாரிசிட்டி’யின் ‘மிஸ்டிக் ப்ரூ’வைக் கையில் தாளம் போட்டபடி கேட்டுப் பார்க்கலாம். ஆதி தாளம் போட வேண்டாம், அது ஒட்டாது. கில்மோரின் தட்டு விழும் இடங்களைக் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும்.